ஆறு காலையில் ஒரு கோடைகாலம்

நவராத்திரிக்குக் கும்பம் வைக்கும் இடத்தில் கேம் கசற்றை வைக்கலாமா என்று நான் எந்த ஐயரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். எனக்கும் ஒரு பாவம் குறைந்திருக்கும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மனைவிக்கு ஒரு பேக்கரியில் விடியவே வேலை. எனக்குப் பிளாஸ்ரிக் பெட்டி செய்யும் பக்ரறியில் பின்நேர ஷிவ்ற். மகளுக்குப் பதினொரு வயது.

ரி.வி.யில் பூட்டி விளையாடும் அந்தக் கேம் எங்களிடம் வந்தது பிக்கரிங்கில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் போட்டிருந்த பழஞ்சாமான் விற்பனையில். நான் போனது ஒரு மழைக்கோட்டுக்காக. மகள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே மெஷின், இரண்டு கொன்றோலர், ஒரேயொரு கசற். எப்படி விளையாடுவது என்று சொல்லும் புத்தகம் இல்லை. பள்ளிக்கூடம் மூடிய அந்த வாரமே அவள் தொடங்கிவிட்டாள்.

இந்த வகைக் கேமைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெடியன் தன் கிராமத்தில் இருந்து புறப்படுவான். ஊர் ஊராக நடப்பான். கண்ட எல்லாரோடும் கதைப்பான். வழியில் மிருகங்கள் மறிக்கும், சண்டை பிடிப்பான், பலம் கூடும், கூட்டாளிகள் சேர்வார்கள். கடைசியில் ஒரு கெட்ட அரசனின் கோட்டைக்குப் போக வேண்டும். கைவேகம் தேவையில்லை. அடிக்கவா, மருந்து கொடுக்கவா, ஓடவா என்று கேட்டுவிட்டு அது காத்துக்கொண்டு நிற்கும். மற்றக் கேம்களில் நான் பட்டனைத் தேடி முடிப்பதற்குள் செத்துவிடுவேன். இதிலோ, நான் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரும்வரை பூதம் அதே இடத்தில் கையைத் தூக்கியபடி நிற்கும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்காக இவ்வளவு பொறுமையாக நின்ற வேறு ஆட்களை நான் காணவில்லை.

விளையாடுவது மகள். நான் பக்கத்தில் இருந்து பார்ப்பவன். திரையில் வரும் இங்கிலிஷை அவள் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். நான் அங்கே போ, இங்கே போகாதே என்று சொல்லுவேன். அவள் ஒன்றையும் கேட்கமாட்டாள். கிராமத்து வீடுகளுக்குள் புகுந்து பானையையும் பெட்டியையும் திறந்து உள்ளதையெல்லாம் எடுப்பாள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க இவள் எடுப்பாள், அவர்களும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

இப்படிக் கோடை முழுவதும் நடந்து, செப்டெம்பர் மாதம் கடைசிக் கோட்டையின் வாசலுக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் தொடங்கியதால் நேரம் கிடைப்பது குறைவு. அவள் கதவைத் திறக்க ஆயத்தமானபோது நவராத்திரி வந்தது.

ஒன்பது நாளும் கேம் இல்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அம்பாளுடைய நாட்கள் என்றேன். விஜயதசமி அன்று தொடங்குகிற காரியம் நன்றாக நடக்கும், அந்தக் கதவை அன்றைக்குத் திற, கட்டாயம் வெல்லுவாய் என்றும் சொன்னேன். கோடை முழுக்கப் பாடுபட்ட பிள்ளைக்கு ஒன்பது நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

"அப்பா சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு, கசற்றைத் தானே கழற்றிக்கொண்டு வந்து என் கையில் தந்தாள்.

நான் அதற்குச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்து, கும்பத்துக்கு வலப்பக்கம் வைத்தேன். பக்கத்தில் தேவாரப் புத்தகம், அவள் படித்து முடித்த வகுப்புப் புத்தகங்கள், என்னுடைய கையடக்க அகராதி. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொட்டு.

முதல் நாள் செவ்வாய்க்கிழமை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள், மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் குளித்து, பூசை முடித்து, கதிரையில் இருந்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. அந்தக் கேமில் முதற்கிராமத்துக்கு ஒரு புல்லாங்குழல் இசை வரும். மகள் எப்போதோ அந்தக் கிராமத்தைத் தாண்டிவிட்டதால் நான் அதைக் கேட்டு இரண்டு மாதம் இருக்கும். அதை மட்டும் ஒருமுறை கேட்போம் என்று மனம் சொன்னது. அம்பாளைப் பார்த்து, "ஐஞ்சு நிமிஷம், அம்மா" என்று கேட்டுக்கொண்டு கசற்றை எடுத்தேன். விளையாட்டு வேண்டாம் என்று சட்டம் போட்டவன் நான். மகளுக்குத்தானே போட்டேன் என்று அந்த நேரத்தில் எனக்கு நியாயமும் தோன்றியது.

புதிதாகத் தொடங்கினேன். இசை வந்தது. ஐந்து நிமிஷம் ஒரு மணித்தியாலம் ஆனது. பெடியனை நானே நடத்திக்கொண்டு போவது வேறு சுகம். பிறகு நிற்பாட்ட வேண்டிய நேரம். எதையும் அரைகுறையாக விட்டு எழும்புவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. சாப்பாடானாலும் தேவாரமானாலும் முடித்துவிட்டுத்தான் எழும்புவோம். ஆகவே சத்திரத்துக்காரனிடம் போனேன். அவன்தான் நாம் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை எழுதிவைப்பவன். எழுதிவைக்க மூன்று வரி காட்டினான். நான் சிலேற்றில் எழுதிய காலம் முதல் எதையும் மேல்வரியில் தொடங்கிப் பழகியவன். பிள்ளையார் சுழியும் அங்கேதான் போடுவோம். மேல்வரியைக் காட்டினேன். நிச்சயமா என்று கேட்டான். ஓம் என்றேன். மறுபடியும் கேட்டான். இந்த நாட்டில் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்பார்கள். நானும் இரண்டாம் தரம் ஓம் என்றேன்.

மேல்வரி மகளுடையது.

திரும்பவும் போட்டுப் பார்த்தேன். கோட்டை வாசலில் வாளோடும் மூன்று கூட்டாளிகளோடும் நின்ற அவளுடைய வீரனைக் காணவில்லை. அந்த வரியில் என்னுடைய பெடியன், கையில் ஒரு தடியோடு, பலத்தில் மூன்றாம் படியில் நின்றான். அவளுடையவன் நாற்பதாம் படிக்கு மேல். கசற்றைத் துடைத்துப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், கண்ணில் ஒற்றியும் பார்த்தேன்.

அழிந்தது அழிந்ததுதான். பிறகுதான் இந்த யோசனை வந்தது. அவள் விஜயதசமி வரைக்கும் தொடமாட்டாள், வாக்குத் தந்திருக்கிறாள். அதற்குள் நான் அவளை அதே வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டால்? துர்க்கைக்கு மூன்று நாள், இலட்சுமிக்கு மூன்று நாள், சரஸ்வதிக்கு மூன்று நாள். முதல் மூன்று நாளும் வீரம், சண்டை பிடித்துப் பலம் சேர்ப்பது. அடுத்தது செல்வம், வாளும் கவசமும் வாங்குவது. கடைசியாகக் கல்வி, ஊரவர்களோடு கதைத்துக் கோட்டைக்கு வழி அறிவது. கணக்கு அவ்வளவு அழகாக அமைந்ததால் அம்பாளே மனம் இரங்கி வழி காட்டினாள் என்று நினைத்தேன். கோடை விடுமுறை ஒன்பது வாரம் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று பின்நேரம் பக்ரறியில், எனக்குப் பக்கத்து மெஷினில் நிற்கும் மனிதரிடம் விஷயத்தைச் சொன்னேன். என் வயதுதான். ரூஜில் வீடு வாங்கிக்கொண்டு போனவர். நாலு பிள்ளைகள். அதே கேம் அவருடைய வீட்டிலும் இருந்தது. பிள்ளைகள் ஒருமுறை முடித்துவிட்டுத் தூக்கிப்போட, இவர் மூன்று முறை முடித்திருக்கிறார். அதுவரை இதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லையாம். ஏன் மூன்று முறை என்று கேட்டேன். முதல்தரம் முடிவைத் தேடி ஓடுகிற ஓட்டத்தில் ஒன்றும் கண்ணில் படாது, இரண்டாம்தரம்தான் ஊரைப் பார்க்கலாம் என்றார். மூன்றாம்தரம்? மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் நின்றாராம், இவருக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லையாம்.

சாப்பாட்டு மேசையில் அவர் எனக்கு ஒரு கடதாசியில் வழிகள் கீறித் தந்தார். எந்த வீட்டில் எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் குறித்தார். வீட்டுக்குள் இருக்கிற பெட்டிகளை நான் திறக்கமாட்டேன் என்றேன்.

"ஏன் ஐசே?"

"ஆரின்ரையோ வீட்டுச் சாமான். கேட்காமல் எடுக்கிறதோ?"

"உது ரி.வி. ஐசே. ஆரின்ர வீடு?"

"ரி.வி. எண்டாலும் எடுக்கிறது என்ர கைதானே."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, அப்படியென்றால் காட்டில் இரண்டு மடங்கு நேரம் சண்டை பிடித்துத்தான் நீர் காசு சேர்க்க வேண்டிவரும் என்றார். காயத்துக்கு இறைச்சித் துண்டு கொடும், உடனே எழும்பிவிடுவான் என்றும் சொன்னார். அந்தக் கேமில் மிருகத்தை வென்றால் காய்ந்த இறைச்சி கிடைக்கும். அது பெரிய மருந்து. பச்சிலை கொடுத்தால் கால்வாசிதான் குணமாகும். எங்கள் வீட்டில் நவராத்திரிக்கு மச்சம் மாமிசம் இல்லை என்று சொன்னேன்.

"அவனுக்கும் விரதமோ?"

"என்ர வீட்டில நிக்கிறமட்டும் விரதம்தான்."

"அப்ப ஐசே, நீர் உந்தக் கோட்டைக்குப் போனமாதிரித்தான்" என்று சொல்லி அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டார்.

அவர் சொன்னது சரி. புதனும் வியாழனும் நான் காட்டை விட்டு வெளியே வரவில்லை. பச்சிலையைத் தின்றுகொண்டு என் பெடியன் தடியால் ஓநாய்களை அடித்தான். வெள்ளிக்கிழமைதான் ஒரு நல்ல வாள் வாங்க முடிந்தது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மகளுக்குப் பயந்து தொடங்கிய வேலை, வெள்ளிக்கிழமையளவில் எனக்கு வேலையாகத் தெரியவில்லை. மகள் விளையாடும்போது நாங்கள் ஓடிக் கடந்த இடங்களில் நான் நின்றேன். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிணற்றடியில் நின்ற கிழவனோடு மூன்று தரம் கதைத்தேன். மூன்று தரமும் அவன் வேறு வேறு கதை சொன்னான். முதல்தரம் மழையைப் பற்றி, இரண்டாம்தரம் செத்துப்போன மனைவியைப் பற்றி. மூன்றாம்தரம், ஒரே ஆளோடு இவ்வளவு நேரம் கதைக்கிறாயே, உனக்கு வேலை இல்லையா என்று கேட்டான். பக்ரறியில் என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர்களிடம் நான் ஒருநாளும் அவ்வளவு இங்கிலிஷ் கதைத்ததில்லை. கிழவன் நான் சொல் தேடும்வரை காத்திருந்தான்.

ஒவ்வொரு நாளும் முடிந்ததும் கசற்றைத் துடைத்து, புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பழைய இடத்தில் வைத்துவிடுவேன். ஒரு மயிரளவும் மாறாமல் வைப்பேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு விளக்கேற்ற வந்த மனைவி, கும்பத்தடியில் குனிந்து கொஞ்சநேரம் பார்த்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் அன்று நான் இரண்டு மணித்தியாலம் பிந்தி வேலைக்குப் போகச் சொல்லிவைத்திருந்தேன். மகள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ. புத்தகங்களுக்கு வைச்ச பொட்டெல்லாம் காய்ஞ்சு உதிருது. உந்தக் கசற்றின்ர பொட்டு மட்டும் ஒவ்வொரு நாளும் ஈரமாக் கிடக்கு. அதென்ன அதிசயம்?"

நான் அம்பாளைப் பார்த்தேன். அம்பாள் உதவிக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி சிரித்த சிரிப்பில் கற்பூரத் தட்டைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது. சிரித்து முடிந்ததும் முகம் மாறினாள். அவள் உங்களை நம்பித்தான் தந்தவள், நீங்களே வாய் திறந்து சொல்லுங்கோ என்றாள். தான் சொல்லப்போவதில்லையாம், ஆனால் பிள்ளை கேட்டால் பொய்யும் சொல்லமாட்டாளாம்.

எனக்கு இன்னும் ஐந்து காலை இருக்கிறது, வாசலுக்குப் போய்விடுவேன் என்றேன். சனி ஞாயிறு பிள்ளை வீட்டில் என்றாள் மனைவி. சரி, மூன்று காலை என்றேன். திங்கட்கிழமை தாங்ஸ்கிவிங், பள்ளிக்கூடம் இல்லை என்றாள். இரண்டு. ஒன்பது நாள் போட்ட கணக்கில் மொத்தமாக எனக்குக் கிடைத்தது ஆறு காலை. இலட்சுமிக்கு ஒரேயொரு காலை. அதுதானோ என்னவோ, என் பெடியனிடம் கவசம் வாங்கக் காசு சேரவே இல்லை.

சனியும் ஞாயிறும் திங்களும் மகள் கும்பத்தடியில் இருந்து தேவாரம் படித்தாள். கண் அடிக்கடி கசற்றின் பக்கம் போகும். ஒரு தரமும் கை நீளவில்லை. கடலையைச் சாப்பிட்டுக்கொண்டு, கதவைத் திறந்ததும் யாரை முன்னால் விடுவது, யாருக்கு மருந்தைக் கொடுத்து வைப்பது என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். இல்லாமற்போன வீரர்களைப் பற்றி அவள் சொல்ல, நான் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை என் பெடியனைக் கப்பல் ஏறும் துறை வரைக்கும் கொண்டுபோனேன். கடலுக்கு அப்பால் இன்னும் பாதிக் கதை கிடந்தது.

புதன்கிழமை சரஸ்வதி பூசை. அன்றைக்கு லீவு எடுத்திருந்தேன். காலையில் கசற்றை எடுக்கக் கையை நீட்டினேன். வழக்கம்போல அகராதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரஸ்வதி பூசையன்று, பள்ளிக்கூடத்தில் எப்படியோ, எங்கள் வீட்டுக்குள் யாரும் புத்தகம் திறப்பதில்லை, ஒரு வரி வாசிப்பதில்லை. நான் பிறந்ததில் இருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. இந்தக் கேமோ வாசிக்காமல் ஒரு அடி நகராது. திரையில் வருவது புத்தகமா என்று யோசித்தேன். அது ரி.வி. என்று பக்கத்து மெஷின்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அகராதி ரி.வி. இல்லை. ஒரு வாரமாக ஐந்து நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று அம்பாளிடம் கேட்டு எடுத்தவன் நான். அன்றைக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கையை எடுத்துவிட்டேன். குசினிக்குள் போய்ப் பூசைக்கு அவலுக்குத் தேங்காய் துருவத் தொடங்கினேன். மூன்று தேங்காய் துருவினேன். ஒன்று போதும்.

மகள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே சொல்லிவிட்டேன். பிந்தினால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளை, நான் உன்ர கேமை அழிச்சுப்போட்டன். தெரியாமல்தான். முதல் நாளே அழிச்சனான். ஒளிச்சு வைச்சது தெரிஞ்சு செய்தது. அது என்ர பிழை."

ஒரு சப்பாத்தோடு நின்றாள். "விச் ஸ்லொட்?" என்று கேட்டாள், எந்த வரி என்று.

"மேல இருந்தது."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மற்றச் சப்பாத்தையும் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டது. பின்நேரப் பூசையில் தேவாரத்தைப் பாடமாகப் பாடினாள், என் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. கேட்ட பிறகு என்ன செய்வது என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

விஜயதசமி அன்று புத்தகங்களைக் கும்பிட்டு எடுத்தாள். கசற்றை எடுக்கவில்லை. நான் மிச்சத்தையும் விளையாடி உன்னை வாசலில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"வேண்டாம் அப்பா. நீங்கள் போய் நிண்டா அது நீங்கள் போனது. நான் போனதில்லைத்தானே."

நானும் கசற்றை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கசற் அங்கேயே இருந்தது. சனிக்கிழமை காலையில் ரி.வி. சத்தம் கேட்டு எழும்பி வந்து பார்த்தால், அவள் என்னுடைய பெடியனைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்குள் குவிந்துகிடந்த காய்ந்த இறைச்சியைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஏன் இவனிட்ட அறுபது மீற் கிடக்கு?" என்று கேட்டாள். விரதம் என்றேன். அவள் வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்தது. பிறகு பெடியனை முதற்கிராமத்துக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கே ஒரு வெள்ளைநிற வீட்டு வாசலில் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். மகள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"இவ ஏன் வெளியில நிக்கிறா? இவ சிக். எப்பவும் படுக்கையில."

நான் கண்டபோதெல்லாம் அந்தப் பெண் நன்றாகத்தான் இருந்தாள் என்றேன். எனக்கு அதில் ஒரு புதுமையும் தெரியவில்லை. மகள் யோசித்தாள். அந்த வீட்டுப் பானைக்குள் ஒரு மருந்துப் போத்தல் இருந்ததாம், விளையாடத் தொடங்கிய முதல் நாளே அவள் அதை எடுத்து விற்றுவிட்டாளாம். கோடை முழுக்க அந்தப் பெண் படுக்கையில் கிடந்ததற்குத் தானே காரணம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பெண் சொல்லப்போவதை அவளுக்கு நான் வாசித்துக் காட்ட வாயெடுத்தேன்.

"சொல்லாதேங்கோ. நானே போய்க் கேக்கிறன்."

மெஷினை நிற்பாட்டிவிட்டு, புதிதாக, இரண்டாம் வரியில் தொடங்கினாள். இரண்டாம் வரிக்கு நான் கிட்டவும் வரக்கூடாது என்று கட்டளை. மேல்வரியை எனக்கே தந்துவிட்டாள்.

தைப்பொங்கலுக்கு முன்னம் அவள் முடித்துவிட்டாள். நான் வேலையில் இருந்தபோது. வந்ததும் மனைவிதான் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் மனம் நொந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் என்னைக் கூப்பிட்டு ரி.வி.க்கு முன்னால் இருத்தி, கோட்டை வாசலில் நின்ற தன் வீரனைத் திரும்பவும் எடுத்தாள். முடித்ததை ஏன் மறுபடியும் என்று கேட்டேன். "நீங்கள் பாக்கேல்லைத்தானே" என்றாள்.

கதவு திறந்தது. கெட்ட அரசன் வந்தான். அரை மணித்தியாலச் சண்டையில் விழுந்தான். நான் அம்பாளே என்று மூச்சு விட்டேன். விழுந்தவன் சிங்கத் தலையோடு எழும்பினான். ஊர்க்கோயிலில் வருடா வருடம் சூரன்போர் பார்த்து வளர்ந்தவன் நான். சூரன் தலை மாறி மாறி வருவான், கடைசியில் முருகன் வெல்லுவார் என்று தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு வருடமும் போய் நெரிசலில் நின்றோம். போன வருடம் பார்த்தாயிற்று என்று ஒருவரும் வீட்டில் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நான், அந்தச் சிங்கத் தலையைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன்.

மகள் திரையைப் பார்க்கவில்லை. அங்கே என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்கோ அப்பா," என்றாள், "இன்னும் ரெண்டு தலை இருக்கு."